எட்டில்லாத கம்பெனியில் சோற்று மணி

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் செத்த நேரம் கண்ணயரலாம் என்று படுத்தபோது போன் அடித்தது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் எச்.ஆர். பெண்.

"சார், ரொம்ப வருஷம் நீங்கதான் டைம் ஆபீஸ் பாத்தீங்களாமே? ஒரு டவுட். புதுசா வர்ற லேடீஸ் தனக்கு எந்தப் பந்தின்னு கேட்டா, பழைய ஆளுங்க விரலை மடக்கி, 'உன் நம்பரைக் கூட்டு, ஒன்பது வந்தா மட்டும் கூட்டாத'ங்கிறாங்க. டோக்கன் போய் கார்டு வந்துடுச்சு, இதை மட்டும் விடமாட்டேங்கிறாங்க. இது ஏதாவது பரிகாரமா சார்?"

"பாதி பரிகாரம், பாதி பித்தலாட்டம்மா" என்றேன். "பித்தலாட்டம் என்னோடது."

அந்தப் பெண் சிரித்தாள். போனில் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். முழுக் கதையும் கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி ரெட்டியார்சத்திரம் தாண்டி உள்ளடங்கி இருக்கிறது. விரல் நீளத்தில் வெள்ளரிப் பிஞ்சை வாங்கி, ரகம் பிரித்து, உப்பிலும் வினிகரிலும் ஊறப்போட்டு, பீப்பாயில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற வேலை. நம் ஊரில் அதை யாரும் வெஞ்சனமாகக்கூடத் தொட்டுக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அக்கம்பக்கத்துக் கிராமங்களில் அதை விளைவிக்காத தோட்டமும் குறைவு, அதைப் பிரித்தெடுக்க ஆள் வராத வீடும் குறைவு.

நான் திண்டுக்கல் பேகம்பூர்க்காரன். வாப்பாவுக்குத் தோல் மண்டி. அந்த வாடை எனக்கு ஆகாது என்று பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன். படித்துவிட்டு வினிகர் நெடிக்குள் போய் உட்கார்ந்தேன். முதல் இரண்டு வருஷம் வருகைப் பதிவு, லீவு, ஓவர்டைம் என்று கற்றுக்கொண்டதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கணிதம் படித்தவன் என்ற திமிர் மட்டும் குறையாமல் இருந்தது. அதையும் சொல்லி வைக்கிறேன், பின்னால் உதவும்.

எங்கள் முதலாளி ஒட்டன்சத்திரம் பக்கம். நல்ல மனுஷர். வேலைக்காரர்களை 'வாங்க போங்க' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு ஒரே ஒரு எதிரி இருந்தது. எட்டு. ஆரம்ப காலத்தில் எட்டு நம்பர் போட்ட லாரி ஒன்று முதல் லோடோடு கவிழ்ந்ததாம். ஜோசியர், "எட்டு சனியோட நம்பர், உங்க வாசப்படி மிதிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் எட்டு கிடையாது. காலை வேலை ஏழு ஐம்பத்தைந்துக்கு ஆரம்பிக்கும். ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதிக்கு மறுநாள் பதிவேட்டில் 'ஏழு ஏ' என்று எழுதுவோம். "ஏங்க, பதினேழைக் கூட்டினாலும் எட்டுதானே வருது?" என்று முதலாளியே ஜோசியரிடம் கேட்டிருக்கிறார். "கூட்டி வர்ற எட்டு சொந்தக்காரன் மாதிரி, வந்துட்டுப் போயிடும். நேரா நிக்கிற எட்டுதான் ஆபத்து" என்றாராம் ஜோசியர். அவர் மட்டும் இப்படி விட்டுக்கொடுத்திருக்காவிட்டால் நாங்கள் எண்ணவே முடியாமல் போயிருக்கும்.

எட்டைச் சத்தமாகச் சொல்வதும் கூடாது. ஸ்டோர் கீப்பர் ஒருத்தர் முதலாளி முன்னால், "எட்டு பீப்பா ஒழுகுது சார்" என்று சொல்லிவிட்டார். பீப்பாய் ஒழுகியதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அவரைக் கொடைரோடு குடோனுக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போது டோக்கனுக்கு வருகிறேன். பிஞ்சு பிரிக்கிற பெண்களுக்கு ஆளுக்கொரு பித்தளை டோக்கன், அதில் நம்பர். டைம் ஆபீஸ் சுவரில் பெரிய மரப்பலகை, அதில் வரிசை வரிசையாகக் கொக்கி. காலையில் வந்ததும் தன் டோக்கனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், சாயங்காலம் திரும்ப மாட்டிவிட்டுப் போக வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். டோக்கனில் நம்பர் அடிக்கிற அச்சுகளில் எட்டு நம்பர் அச்சை முதலாளியே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டார். அதனால் ஏழுக்கு அடுத்த ஆள் ஒன்பது. எழுபத்தொன்பதுக்கு அடுத்தவள் தொண்ணூறு. பலகையில் ஒரு வரிசைக்குப் பத்துக் கொக்கி இல்லை, ஒன்பதுதான்.

நான் சொல்கிற சமயத்தில் கடைசி டோக்கன் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஆனால் ஆட்கள் இருநூற்று நாற்பத்திரண்டு பேர்தான். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் எங்களுக்கு முந்நூறு ஆள் என்று நினைத்துப் பொறாமைப்பட்டார்கள். எட்டால் வந்த ஒரே நன்மை அது.

அப்போது எங்கள் மேனேஜர் தனசேகரன் சார். குரலை உயர்த்தவே மாட்டார். யாராவது தப்பு செய்தால் திட்ட மாட்டார். மெமோ அடிப்பார். ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெமோவை நிதானமாகப் படித்துக் காட்டுவார். முடித்ததும், "இதுல எழுத்துப்பிழை ஏதாவது இருக்கா?" என்று அக்கறையாகக் கேட்பார். வேலை போகப்போகிறவனும் குனிந்து எழுத்துப்பிழை தேடுவான். இன்னொரு வார்த்தை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். லாஜிக். "பாய், மனுஷன் பொய் சொல்வான். லாஜிக் சொல்லாது" என்பார்.

சாப்பாட்டுக் கொட்டகையில் பதினோரு பெஞ்சு, பெஞ்சுக்குப் பதினோரு பேர். எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாது. மேனேஜர் கணக்குப் போட்டார். இருநூற்று நாற்பத்திரண்டில் பாதி நூற்று இருபத்தொன்று. பதினோரு பதினொன்றும் நூற்று இருபத்தொன்று. அச்சு வார்த்த மாதிரி பொருந்தியதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒற்றைப்படை டோக்கன் முதல் பந்தி, இரட்டைப்படை டோக்கன் இரண்டாம் பந்தி என்று நோட்டீஸ் ஒட்டினார்.

முதல் நாளே முதல் பந்தியில் இடம் பற்றவில்லை. நல்ல சீசன், எல்லாரும் வேலைக்கு வந்திருந்தார்கள். பதினாலு பேர் தூக்குவாளியோடு நின்றார்கள். கொட்டகைக்கு வெளியே பீப்பாய் முற்றத்தில்தான் உட்கார முடிந்தது. மேலே வெயில், பக்கத்தில் வினிகர். அந்த நெடியில் சோறு தொண்டைக்குள் இறங்காது. இரண்டாம் பந்தியில் போய்ப் பார்த்தால் பதினாலு இடம் காலி. மறுநாளும் அப்படியே. லீவு போடுகிறவர்களைப் பொறுத்து ஓரிரண்டு கூடும் குறையும், ஆனால் தீரவில்லை.

என்னிடம் சண்டைக்கு வந்தது பாண்டியம்மாள். சித்தையன்கோட்டைப் பக்கத்து ஆள், டோக்கன் நூற்று முப்பத்தேழு. பிஞ்சைக் கையில் எடுத்தாலே ரகம் சொல்லிவிடுவாள். பேச்சும் அப்படித்தான், யோசிக்காமல் பட்டென்று வரும்.

"ஏன் பாய், ஒத்தப்படை நம்பரு வாங்கினது எங்க குத்தமா? எங்களுக்கு மட்டும் வயித்துல வினிகரா ஊத்துறீக?"

"ரெண்டு பந்தியும் சமம்தாம்மா. கணக்கு அப்படி" என்றேன் நான், பி.எஸ்ஸி.

"கணக்கு சமமா இருந்தா அங்கிட்டு ஏன் பெஞ்சு காலியாக் கெடக்கு? அதுல எங்களை உக்காரச் சொல்லுங்க."

மேனேஜர் அதற்குச் சம்மதிக்கவில்லை. பதினாலு இங்கே கூடுகிறது, பதினாலு அங்கே குறைகிறது. ஆகவே இரட்டைப்படைக்காரிகள் பதினாலு பேர் முதல் பந்தியில் நுழைகிறார்கள் என்றார். என்னை வாசலில் நிறுத்தி டோக்கனைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். உள்ளே போன ஒவ்வொருத்தி கழுத்திலும் ஒற்றைப்படைதான். போய்ச் சொன்னேன். தனசேகரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படின்னா பாய், இருக்கவேண்டியதைவிட பதினாலு ஒற்றைப்படை டோக்கன் கூட இருக்கு. லாஜிக் என்ன சொல்லுது? முதல் பந்தியில நுழைய ரெட்டைப்படைக்காரிங்க மாட்டிக்கிட்டு வர்ற கள்ள டோக்கன்."

"கள்ள டோக்கனா? யார் சார் அடிப்பா?"

"இது திண்டுக்கல் பாய். ஒரு தடவை பாத்த சாவிக்கு மறு சாவி அடிக்கிற ஊர். ஒரு பித்தளை வில்லையில நம்பர் அடிக்க மாட்டாங்களா?"

இந்த இடத்தில்தான் விஷயம் விபரீதமானது. பாண்டியம்மாளின் தம்பி முருகேசன் நாகல் நகரில் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தான். பந்தியைப் பற்றி அதிகம் சத்தம் போட்டதும் அவள்தான். மேனேஜருக்கு இரண்டும் ஒன்று சேர்ந்துவிட்டன. மெமோ அடித்தார். 'தங்கள் சகோதரர் மூலம் போலி டோக்கன்கள் தயாரித்து, சக ஊழியர்களிடம் வழங்கியதாக' என்று போனது அது. விசாரணையில் குற்றம் நிரூபணமானால் வேலை நீக்கம். கேள்விகளுக்கு நம்பர் போட்டிருந்தார். ஏழாவது கேள்விக்குப் பின் ஒன்பதாவது கேள்வி.

அவளை உட்கார வைத்துப் படித்துக் காட்டிவிட்டு, வழக்கம்போல எழுத்துப்பிழை கேட்டார். பாண்டியம்மாள் மெமோவை அவர் பக்கமே தள்ளிவிட்டாள். கையெழுத்தும் போடவில்லை. வெளியே வந்து என் ஜன்னல் ஓரம் நின்றாள்.

"வேலை போனாப் போகட்டும் பாய். பூப் பறிக்கப் போனாக்கூட என் வயித்தைக் கழுவிக்குவேன். ஆனா என் தம்பி திருட்டு டோக்கன் அடிச்சான்னு ஒரு சொல்லு வெளிய போனா, நாளைக்கு எவன் தன் வீட்டுச் சாவியை அவன் கையில குடுப்பான்? அவன் பொழப்பே அந்த நம்பிக்கையிலதானே இருக்கு?"

அன்று மத்தியானம் வீட்டிலிருந்து கொண்டுபோன நெய்ச்சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். வினிகரைக் குறை சொல்ல முடியாது, நான் உட்கார்ந்திருந்தது பீப்பாய் முற்றத்தில் அல்ல, என் மேஜையில்.

அன்று சாயங்காலமே மேனேஜர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். எல்லாரும் டோக்கனை மாட்டிவிட்டுப் போன பிறகு, ஒற்றைப்படை டோக்கன்களை மட்டும் எடுத்து, எந்த அச்சு கள்ள அச்சு என்று பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் போட்டேன். முடித்துவிட்டு நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன். பல் போன சீப்பு மாதிரி இருந்தது. மேலிருந்து கீழ்வரை ஐந்து வரிசை மொட்டை, நாலு வரிசையில்தான் டோக்கன்.

நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தேன். பூஜ்யம், இரண்டு, நாலு, ஆறு. இவ்வளவுதான் எங்கள் கம்பெனியின் இரட்டைப்படை. எட்டைத்தான் கிணற்றில் போட்டாயிற்றே! ஒற்றைப்படையில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஐந்தும் குத்துக்கல்லாட்டம் இருக்கின்றன. ஏழும் ஒன்பதும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், இரண்டுமே ஒற்றைப்படை. தட்டில் எண்ணினேன். நூற்று முப்பத்தைந்து. பலகையில் மிச்சம் நூற்று ஏழு. கள்ள டோக்கன் ஒன்றுகூட இல்லை. அந்தப் பலகைக்கு முன்னால் இத்தனை வருஷம் உட்கார்ந்து, அதைப் பார்த்தபடியே டீ குடித்த கணிதப் பட்டதாரி நான்.

மறுநாள் காலை மேனேஜரிடம் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்து இரண்டு நிமிஷம் கிறுக்கினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"லாஜிக் சரி பாய். ஆனா இதை முதலாளிகிட்ட யார் சொல்றது?"

இருவரும் கொடைரோடு குடோனை நினைத்துக்கொண்டோம்.

அப்போதுதான் எனக்குள் இருந்த சைத்தான் விழித்துக்கொண்டான். எங்கள் கம்பெனி எண்ணுவது பத்துப் பத்தாக அல்ல, ஒன்பது ஒன்பதாக. கல்லூரியில் இதற்கு ஒன்பதடிமானம் என்று பெயர். பத்துப் பத்தாக எண்ணும்போது கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும், ஒற்றையா இரட்டையா தெரிந்துவிடும். பத்து என்பதே இரட்டைப்படை, அதனால் முன்னால் இருக்கிற இலக்கம் எதுவும் குறுக்கே வராது. ஒன்பது ஒற்றைப்படை. அந்த எண்ணிக்கையில் கடைசி இலக்கத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். எல்லா இலக்கத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டினது ஒற்றையானால் ஆள் ஒற்றை, இரட்டையானால் இரட்டை. ஒரே ஒரு சிக்கல். எங்கள் டோக்கனில் இருக்கும் ஒன்பது, உண்மையில் எட்டின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள். எட்டு இரட்டைப்படை. இரட்டைப்படையைக் கூட்டினாலும் விட்டாலும் ஒன்றுதான். அதனால் ஒன்பது வந்தால் விட்டுவிடலாம். பழைய கணக்கில் ஏழும் ஒன்பதும் ஒரே பந்தி. இதில் ஏழு ஒரு பந்தி, ஒன்பது மறு பந்தி. இப்படியே கடைசி டோக்கன் வரை ஒன்றுவிட்டு ஒன்று போகும்.

முதலாளி அறைக்குள் போனேன். "முதலாளி, சோத்துப் பந்தியை நம்பரோட கூட்டு எண்ணை வச்சுப் பிரிச்சா ராசியா இருக்கும்னு தோணுது" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏனுங்க பாய், உங்களுக்கு இதெல்லாம் கூடத் தெரியுமுங்களா?"

"கொஞ்சம் படிச்சிருக்கேன் முதலாளி. ஒன்பதை மட்டும் கூட்டக்கூடாது."

"அதென்னுங்க ஒன்பது?"

"ஒன்பதுன்னா நவக்கிரகம். சோத்து விஷயத்துல கிரகங்களை இழுக்கக்கூடாது."

எனக்கு நவக்கிரகத்தில் சனியைத் தவிர வேறு பெயர் தெரியாது. அதுவும் இந்தக் கம்பெனியில் கற்றுக்கொண்டதுதான். நல்லவேளை, மற்றதை அவர் கேட்கவில்லை. "அருமைங்க, நாளைக்கே பண்ணிடுங்க" என்றார்.

பண்ணினோம். பெண்கள் விரலை மடக்கிக் கூட்டினார்கள், கூட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கூட்டிக் கொடுத்தார்கள். மணி அடித்தது. பதினோரு பெஞ்சும் நிறைந்தது, ஒருத்தரும் நிற்கவில்லை. இரண்டாம் பந்தியிலும் அப்படியே. பித்தளைப் பாத்திரத்துக்கு மூடி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது கணக்கு. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பாண்டியம்மாளின் விசாரணை. டைம் ஆபீசில்தான் நடந்தது. முதலாளியும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். தன் புதுப் பந்தி முறையைப் பார்க்க வந்தவர், அப்படியே இதையும் பார்க்கலாம் என்று நினைத்திருப்பார். மேனேஜர் தொண்டையைச் செருமி, "சூழ்நிலை சீரடைந்த காரணத்தால் குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது" என்று படித்தார். எனக்குத் திருப்தி. பாண்டியம்மாள் எழுந்து போகவில்லை.

"கைவிடறதுன்னா என்ன சார்? நான் செஞ்சேன், போனாப் போகுதுன்னு விடறீகளா?"

"அதான் விட்டாச்சேம்மா. அப்புறம் என்ன?" என்றார் மேனேஜர்.

"பதினாலு டோக்கன் என் தம்பி அடிச்சான்னு எழுதினீக. அடிக்கலேன்னா அந்தப் பதினாலு எங்கிட்டு இருந்து வந்துச்சு? அதைச் சொல்லுங்க, நான் போறேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாக இருந்தது. இருநூற்று நாற்பத்திரண்டு பேரையும் சாமர்த்தியமாகப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டேன். ஒருத்தியை மட்டும் குற்றவாளிக் கூண்டிலேயே விட்டுவிட்டேன். காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

முதலாளி எழுந்தார். நேராகப் பலகைக்குப் போனார். டோக்கன் எல்லாம் பெண்களின் கழுத்தில் இருந்ததால் கொக்கிகள் காலி. மேல் வரிசையில் விரலை வைத்து ஒவ்வொரு கொக்கியாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசிக்கு முந்தின கொக்கியில், ஒன்பது மாட்டுகிற கொக்கியில், விரல் நின்றது.

"ஏனுங்க பாய், ஒன்பதைக் கூட்ட வேண்டாமுன்னு சொன்னீங்களே. அது நெசமாவே கிரகத்துக்காகத்தானுங்களா?"

"இல்லைங்க முதலாளி."

"வேற யாரோட எடத்துல நிக்குதுங்க அது?"

மேனேஜர் எழுத்துப்பிழை தேடுகிறவர் மாதிரி கையிலிருந்த காகிதத்தில் குனிந்துகொண்டார். முதலாளி அந்தக் கொக்கியிலிருந்து விரலை எடுத்தார். பிறகு பாண்டியம்மாள் பக்கம் திரும்பினார்.

"எட்டு" என்றார்.

அந்தக் குரலில் அந்த வார்த்தையை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. பீப்பாய் எதுவும் உருளவில்லை. மின்விசிறி அது பாட்டுக்குச் சுற்றியது.

"எட்டை எடுக்கச் சொன்னது நானுங்க. அதுல ரெட்டைப்படை கொறஞ்சு போச்சுங்க, ஒத்தப்படை கூடிப் போச்சுங்க. கள்ள டோக்கன் எதுவுமே இல்லீங்கம்மா. உங்க மேலயும் தப்பில்லை, உங்க தம்பி மேலயும் தப்பில்லை. மேனேஜர், இதை அப்படியே எழுதுங்க."

தனசேகரன் சார் பேனாவை எடுத்தார். "எட்டுங்கிறதை எழுத்துல எழுதறதா சார், நம்பராவா?"

"நம்பராவே போடுங்க."

அவர் அந்த எண்ணை எழுதிப் பல வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பூஜ்யத்தை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒரு மாதிரி ஒப்பேற்றினார். முதலாளி கீழே கையெழுத்துப் போட்டார். எட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் போட்டார், ஆனால் போட்டார்.

பாண்டியம்மாள் வாங்கி முழுதாகப் படித்தாள். "இன்னொரு காப்பி வேணும் சார். ஒண்ணு எனக்கு. ஒண்ணு தம்பி பட்டறைக்கு" என்றாள். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போனாள்.

எட்டு அதன் பிறகும் எங்கள் கம்பெனிக்குள் வந்துவிடவில்லை. ஒருநாள் தைரியம் வேறு, நம்பிக்கை வேறு. டோக்கன் அப்படியே தொடர்ந்தது, கூட்டுக் கணக்கும் அப்படியே தொடர்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நாகல் நகருக்குப் போனேன். பட்டறைச் சுவரில் அந்தக் காகிதத்தை ஒட்டியிருந்தார்கள். முருகேசனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அக்காவின் அதே முகம். என் வீட்டு வாசல் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"இதுக்கு மறு சாவி ஒண்ணு அடிக்கணும் அப்பு."

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அரை மணி ஆகும் பாய். உக்காருறீகளா?"

"வேண்டாம்ப்பா, சாவி உன்கிட்டயே இருக்கட்டும். அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.